உள்ளூர்வாசி ஒருவர்

பகலில் கம்பளிக்குத் தரம் பிரிப்பது என் வேலை.
விரலிடுக்கில் ஓர் இழையைப் பிடித்தால் போதும்,
எந்த மூட்டைக்குப் போகும் என்று சொல்லிவிடுவேன்.
இரவில் கலைக்களஞ்சியம்.
அங்கே விரல் செல்லாது,
ஆதாரம் வேண்டும்.

இன்று ஏழாம் நாள்.
"மறுகரை" என்ற இணையச் செய்தி அலைவரிசைக்கு
ஒரு கட்டுரை தகுமா தகாதா
என்று நான் முடித்துவைக்க வேண்டும்.
ஜன்னலுக்கு வெளியே ஜலசந்தி,
அதற்கப்பால் போர்வெனீர்,
அங்கே டயர் கடை மாடியில் நோல்பெர்த்தோ கார்கமோ.
ஒரு கைபேசி, ஒரு முக்காலி,
முக்காலியைக் காற்று தள்ளாமலிருக்க
அதன் காலில் கட்டிய உருளைக்கிழங்கு மூட்டை.

எரிவாயு விலை. காணாமல் போன நாய்.
எலும்பு டாக்டர் கடல் தாண்டி வரும் கிழமை.
பதினோரு வருடமாகச் சொல்கிறார்.

அடிக்குறிப்புகள் நான்கு.
மூன்று, அவரே அவரைப் பற்றிச் சொன்னது.
நான்காவது நகரசபையின் பாராட்டிதழ்,
அதில் பெயரும் தப்பு.

வல்திவியாக்காரர் எழுதுகிறார்: நீக்குக.
குன்றின் மேல் ஏறாத விளக்கை
நாம் தூக்கி வைக்க முடியாது.
மாத்ரீதிலிருந்து ஒருவர்: நீக்குக.
காரணம் எழுதவில்லை, சோறு ஆறுகிறதோ என்னவோ.
இன்னும் மூன்று பேர் அதே சொல்.
கடைசியில் ஒரு பெண்: வைக்கவும்.
என் அண்ணன் படகு திரும்பியதை
அங்கேதான் பார்த்தேன்.
ஆட்கள் இல்லாமல் திரும்பியதை.

அந்தப் படகு எனக்கும் நினைவிருக்கிறது.
சந்தியாகோ நாளேடு அந்தக் காட்சியைத்தான் போட்டது,
முதல் பக்கம், மூன்று பத்தி அகலம்.
கீழே பொடி எழுத்தில்:
"எடுத்தவர், உள்ளூர்வாசி ஒருவர்."
தொலைக்காட்சி இரண்டும் அதையே ஓட்டின,
மூலையிலிருந்த "மறுகரை" என்ற சொல்மேல்
தங்கள் முத்திரையை ஒட்டி.

அந்த ஒருவர் யாரென்று எனக்குத் தெரியும்.
எனக்குத் தெரிவது ஆதாரம் ஆகாது.

விதியை நான் பழிக்கவில்லை.
அது இல்லாத காலத்தில்
பல் வைத்தியர்கள் எல்லாரும் மேதைகள்,
கல்யாண வீட்டு இசைக்குழுவெல்லாம் உலகப் புகழ்.
களஞ்சியம் என்றால் தூற்றத்தான் வேண்டும்,
அதுவும் காற்றுள்ளபோதே.
இந்த ஊரில் காற்று இல்லாத பொழுது ஏது?
சிக்கல் அதுதான்.
இத்தனை காற்றில்
பதரோடு மணியும் பறக்கிறது.

மூன்று மணி நேரம் தேடினேன்.
படகு விபத்து விசாரணை அறிக்கை,
நாற்பத்தொன்றாம் பக்கம்:
"ஒரு காணொளியின்படி, அலை வடமேற்கிலிருந்து..."
ஒரு காணொளி.
பெயரின் வாசல்வரை வந்து
எல்லாரும் திரும்பிப் போயிருக்கிறார்கள்.

பன்னிரண்டு ஐம்பதுக்கு எழுதினேன்:
முடிவு, நீக்கம். இப்போதைக்கு.
"இப்போதைக்கு" வழக்கமான வாசகத்தில் கிடையாது.
அதை அழித்தேன்.

காலையில் "மறுகரை"யைத் திறந்தேன்,
தங்கை வீட்டுக்குப் போகவேண்டும், கப்பல் உண்டா பார்க்க.
தலையில் முக்காடு, மீசையில் பனி.
நேற்றிரவு நம்மைப் பற்றிய கட்டுரை நீக்கப்பட்டது, என்றார்.
நீக்கச் சொன்னவர்கள் ஐவர், வைக்கச் சொன்னவர் ஒருவர்.
இரு தரப்பையும் வாசித்தார், குரலை ஏற்றாமல்.
முடித்துவைத்தவர் யெர்கா ஸ்த்ரூயிச், என்றார்.
வங்கியில்கூட என் பெயரைத் தப்பாகத்தான் கூப்பிடுவார்கள்.
இவர் ஓர் எழுத்தும் விழுங்கவில்லை.

கூட்டவில்லை, குறைக்கவில்லை.
இதைவிடச் சுத்தமான செய்தி
இந்த மாதம் என் கண்ணில் படவில்லை.
இதுவும் தன்னைப் பற்றித் தானே சொன்னது.
செல்லாது.

பிறகு கைபேசியைத் துறைமுகத்துப் பக்கம் திருப்பினார்.
எட்டு மணிக் கப்பல் இல்லை.
இரண்டு மணிக்கு, காற்று விட்டால்.

பையைக் கீழே வைத்தேன்.